ஏர் நின்ற நிலம்

உழவும் விதைப்பும் நின்றுபோன நிலத்தில் மண் மெல்லத் தேறத் தொடங்குகிறது. மட்கு கூடுகிறது. பொடிந்து கிடந்த மண் மீண்டும் உருண்டு திரள்கிறது. மேலோடு வழிந்து ஓடிய மழைநீர் உள்ளே இறங்குகிறது. மண்புழுவும் கறையானும் பூஞ்சையும் திரும்பி வருகின்றன. இந்த வேலைகள் எல்லாம் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. சில மாதங்களில் முடிவதும் உண்டு, நூறு ஆண்டு கடந்தும் முடியாததும் உண்டு. ஒரு நிலம் எவ்வளவு தேறும், எந்தப் பக்கமாகத் தேறும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது, கடைசி அறுவடை முடிந்த அன்று அந்த மண் எந்த நிலையில் விடப்பட்டது என்பதுதான்.

தமிழ் உழவர்கள் இதை நெடுங்காலமாக அறிவார்கள். தொடர்ந்து விதைத்துச் சோர்ந்த காட்டை ஓரிரு ஆண்டு ‘ஆறப்போடுவது’ மானாவாரி நிலத்தில் வழக்கமாக இருந்தது. அரசின் நிலப் பதிவேடுகளும் கால அளவை வைத்தே தரிசைப் பிரிக்கின்றன. அந்த ஆண்டு மட்டும் விதைக்காமல் விட்டது நடப்புத் தரிசு. ஓராண்டுக்கு மேல் ஐந்தாண்டு வரை கிடப்பது பிற தரிசு. அதற்கும் மேல் கிடந்தால் அது சாகுபடிக்கு ஏற்ற வீண்நிலம் என்ற கணக்கில் சேர்ந்துவிடுகிறது. மண்ணின் பார்வையில் இந்தக் கடைசிப் பெயர் பொருந்தாது. உண்மையான தேறுதல் அந்த ஐந்தாண்டுக்குப் பிறகுதான் ஆழம் கொள்கிறது.

மண் எதிலிருந்து தேற வேண்டியிருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். நல்ல மண் தனித்தனித் துகள்களால் ஆனது அன்று. மணலும் வண்டலும் களியும், செத்த வேரும் இலையும் மட்கிய பொருளால் ஒட்டப்பட்டுச் சிறு உருண்டைகளாகத் திரண்டிருக்கும். அந்த உருண்டைகளின் உள்ளே சிக்கிய மட்கை நுண்ணுயிர்களால் எளிதில் தின்ன முடியாது. உருண்டைகளுக்கு இடையே உள்ள சந்துகளில் காற்றும் நீரும் ஓடும். கலப்பை இந்த உருண்டைகளை உடைக்கிறது. மறைந்திருந்த மட்கு வெளிப்பட்டதும் நுண்ணுயிர்கள் அதைத் தின்று கரியமில வாயுவாக ஊதிவிடுகின்றன. உழுத புதிதில் பயிர் செழிப்பாக வருவதற்குக் காரணமே இந்த எரிப்பில் விடுபடும் தழைச்சத்துதான். ஆண்டுதோறும் இப்படி எரித்து, விளைந்ததையும் அறுத்துக்கொண்டு போனால் சேமிப்பு கரைகிறது. காட்டையோ புல்வெளியையோ திருத்தி உழுத பல இடங்களில், மேல்மண்ணில் இருந்த கரிமத்தில் கால் பங்கு முதல் பாதி வரை சில பத்தாண்டுகளிலேயே போய்விடுகிறது.

இதை யாரும் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பல ஆண்டுகள் உழுத வயலிலிருந்து ஒரு காய்ந்த மண்கட்டியும், பக்கத்திலேயே உழவு படாத வரப்பிலிருந்து ஒரு காய்ந்த கட்டியும் எடுத்து, இரண்டு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் மெதுவாக இட வேண்டும். வயல் கட்டி பெரும்பாலும் சில நிமிடங்களில் கரைந்து சேறாகி அடியில் படியும். வரப்புக் கட்டி வெகுநேரம் உருக்குலையாமல் நிற்கும். அதைப் பிடித்து வைத்திருப்பது வேரும் பூஞ்சையும் மட்கும்தான். மழை பெய்யும்போது நிலத்தில் நடப்பதும் இதே கதை. கரையும் மண் மேலே ஓடாகக் கட்டி, அடுத்த மழையை உள்ளே விடாமல் வழியவிடுகிறது.

உழவு நின்றதும் முதலில் வருவது போர்வை. மண்ணுக்குள் ஏற்கெனவே களை விதைகள் ஏராளமாகப் புதைந்து கிடக்கின்றன. அவை எவ்வளவு காலம் உயிரோடு இருக்கும் என்பதை அறிய, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வில்லியம் ஜேம்ஸ் பீல் என்ற தாவரவியலாளர் 1879-ல் விதைகளை மணலோடு கலந்து 20 புட்டிகளில் இட்டுப் புதைத்தார். 2021-ல் தோண்டி எடுத்த புட்டியிலிருந்தும் சில விதைகள் முளைத்தன. ஆகவே, எத்தனை தலைமுறை களை எடுத்த வயலானாலும் விதைக்குப் பஞ்சம் இராது. முதல் மழையில் ஓராண்டுச் செடிகள் எழும்பும். தமிழ்நாட்டின் செம்மண் காடுகளில் நெருஞ்சியும் தும்பையும் துத்தியும் முந்திக்கொள்ளும். பின்னால் அருகும் கொளுஞ்சியும் ஆவாரையும் இடம்பிடிக்கும். விவசாயியின் கண்ணுக்குக் களையாகத் தெரியும் இந்தச் செடிகள் மண்ணுக்குக் கட்டுப்போடும் துணி. மழைத்துளியின் அடியை இலைகள் வாங்கிக்கொள்கின்றன. வெயிலில் தரை கொதிப்பது குறைகிறது. காற்றில் புழுதி பறப்பது நிற்கிறது. இந்தச் செடிகளில் கொளுஞ்சிக்குத் தனி இடம் தர வேண்டும். அது பயறுக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தழைச்சத்தாக்கித் தருகின்றன. வயலுக்குப் பசுந்தாள் உரமாக வெட்டிப் போடும் அதே செடி, தரிசில் தானே முளைத்துத் தன் வேலையைச் செய்கிறது.

போர்வைக்கு அடுத்த வேலை தரைக்குக் கீழே நடக்கிறது. கண்ணுக்குத் தெரியாத காரணத்தால் அது அதிகம் பேசப்படுவதில்லை. ஓராண்டுச் செடிகள் தளர்ந்து பல்லாண்டுப் புற்கள் வந்ததும், ஆண்டு முழுவதும் உயிருள்ள வேர்கள் மண்ணில் இருக்கின்றன. வேர்கள் தம் நுனியிலிருந்து சர்க்கரையும் பசையும் கசிய விடுகின்றன. அந்த உணவுக்காக நுண்ணுயிர்கள் கூடுகின்றன. வேரோடு கூட்டு வாழும் பூஞ்சைகள், ஒவ்வொரு முறை உழும்போதும் அறுபட்டுக்கொண்டிருந்த தம் இழைகளை இப்போது தடையின்றி நீட்டுகின்றன. இந்த இழைகள் மயிரைவிட மெல்லியவை. வலை போல மண்துகள்களைச் சுற்றிப் பிணைத்து, மேலே பசை பூசியதுபோல் உருண்டைகளை உறுதியாக்குபவை அவையே. உழுத மண்ணில் பாக்டீரியாக்களின் கை ஓங்கியிருக்கும். கைவிட்ட மண்ணில் ஆண்டுகள் செல்லச் செல்லப் பூஞ்சைகளின் பங்கு உயர்கிறது. மண் தேறுகிறதா என்று பார்க்க ஆய்வாளர்கள் கவனிக்கும் முதல் அறிகுறிகளில் இந்த மாற்றமும் ஒன்று.

பிறகு மண்புழு. இங்கிலாந்தில் சார்லஸ் டார்வின் தம் வீட்டருகே இருந்த ஒரு நிலத்தை முப்பது ஆண்டுகள் கவனித்து எழுதிய குறிப்பு, கைவிட்ட வயலைப் பற்றிய மிகப் பழைய நேரடிப் பதிவுகளுள் ஒன்று. அந்த நிலம் 1841-ல் கடைசியாக உழப்பட்டுப் புல்லுக்கு விடப்பட்டது. முதல் சில ஆண்டுகள் புல் மிகவும் அரிதாகவே இருந்தது. சிறிதும் பெரிதுமாகச் சக்கிமுக்கிக் கற்கள் நெருக்கமாகக் கிடந்ததால் அவருடைய பிள்ளைகள் அதைக் கல் வயல் என்றே அழைத்தார்கள். சரிவில் அவர்கள் ஓடும்போது கற்கள் ஒன்றோடொன்று மோதிச் சத்தமிட்டன. 1871-ல் அதே நிலத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை குதிரை பாய்ந்தோடினாலும் குளம்பில் ஒரு கல்கூடப் படாத அளவுக்கு மெத்தென்ற புல்தரை மூடியிருந்தது. வெட்டிப் பார்த்தபோது கற்களுக்கு மேலே இரண்டரை அங்குல நுண்மண் படிந்திருந்தது. கற்களை யாரும் பொறுக்கவில்லை. மண்புழுக்கள் கீழிருந்த மண்ணைத் தின்று மேலே எச்சமாக இட்டு இட்டுக் கற்களைப் புதைத்துவிட்டன. 1881-ல் வெளியான அவருடைய மண்புழு நூலில் இந்த நிலத்தின் வரலாறு இருக்கிறது. ஈரம் குறைந்த வெப்ப நாடுகளில் இந்த வேலையின் பெரும்பங்கைக் கறையான் செய்கிறது. தரிசில் எழும் புற்று, அடிமண் மேலே வந்துகொண்டிருப்பதற்கு அடையாளம்.

மண்ணின் கட்டமைப்பு இப்படிச் சில ஆண்டுகளில் ஓரளவு திரும்பிவிடுகிறது. கரிமமும் தழைச்சத்தும் சேர்வதுதான் நெடிய வேலை. அதை அளக்க நூறு ஆண்டுக்கு மேல் ஒரே இடத்தைக் காத்திருந்து பார்த்தவர்கள் வேண்டும். அப்படி ஓர் இடம் உலகில் உண்டு. லண்டனுக்கு வடக்கே ஹார்ப்பெண்டன் ஊரில் உள்ள ரோத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையம்தான் அது. ஜான் பென்னட் லாஸ், ஜோசப் ஹென்றி கில்பர்ட் என்ற இருவர் 1843-ல் அங்கே பிராட்பாக் என்னும் வயலில் கோதுமை உரச் சோதனையைத் தொடங்கினார்கள். அது இன்றும் நடக்கிறது. 1882-ல் லாஸ் அந்த வயலின் ஒரு முனையில் ஏறத்தாழ அரை ஏக்கர் நிலத்தில் கோதுமையை அறுக்காமல் அப்படியே விட்டு, வேலியடைத்தார். மனிதன் கைகொடுக்காவிட்டால் கோதுமை களையோடு போட்டியிட்டுப் பிழைக்குமா என்று பார்ப்பது நோக்கம். நான்கே ஆண்டுகளில் குட்டையான சில செடிகள் மட்டுமே மிஞ்சின. பிறகு அவையும் மறைந்தன. பத்தாயிரம் ஆண்டு மனிதனோடு வாழ்ந்த பயிரின் கதை அங்கே அவ்வளவு விரைவாக முடிந்தது. வேலி மட்டும் அகற்றப்படவில்லை; உள்ளே நிலம் மெல்லக் காடாக மாறியது. 1886-ல் கீஸ்கிராஃப்ட் என்ற இன்னொரு பழைய சோதனை வயலின் ஒரு பகுதியும் அதுபோல வேலியிட்டு விடப்பட்டது. அங்கே முன்பு பல ஆண்டுகள் அவரையினப் பயிர் வளர்க்கப்பட்டிருந்தது.

இந்த இரண்டு துண்டு நிலங்களுக்கும் வேறு எங்கும் கிடைக்காத ஒரு வாய்ப்பு இருந்தது. லாஸும் கில்பர்ட்டும் வயல்களின் மண்ணை அவ்வப்போது எடுத்துப் புட்டியிலிட்டு மூடி வைத்தார்கள். அந்தக் கிடங்கில் இன்று மண்ணும் பயிரும் உரமுமாக மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள் இருக்கின்றன. அதனால், காடாக மாறிய நிலத்தின் இன்றைய மண்ணை அதே நிலத்தின் 1880-களின் மண்ணோடு நேரடியாக ஒப்பிட முடிகிறது. பெரும்பாலான ஆய்வுகளில் வெவ்வேறு ஆண்டுகளில் கைவிட்ட வெவ்வேறு வயல்களை அருகருகே வைத்துக் காலத்தை ஊகிக்க வேண்டியிருக்கும். ரோத்தம்ஸ்டெட்டில் ஊகத்துக்கே வேலை இல்லை. 1905-லேயே அந்த நிலையத்தின் தலைவர் ஏ.டி. ஹால் இரண்டு நிலங்களிலும் தழைச்சத்து கூடியிருப்பதைக் கண்டு எழுதினார். பிராட்பாக்கில் பயறுக் குடும்பச் செடிகள் மிகுந்திருந்ததையும், கீஸ்கிராஃப்ட்டில் அவை அரிதாக இருந்ததையும் அவர் அப்போதே கவனித்தார்.

நூறு ஆண்டுகள் கழித்து வந்த கணக்கு அதை உறுதி செய்தது. 120 ஆண்டுகளில் பிராட்பாக் காட்டு மண் ஹெக்டேருக்கு ஆண்டொன்றுக்குச் சராசரியாக 0.54 டன் கரிமம் சேர்த்தது. மொத்தம் ஏறத்தாழ 65 டன். கீஸ்கிராஃப்ட்டில் அது ஆண்டுக்கு 0.38 டன்தான். தழைச்சத்தில் வேறுபாடு இன்னும் பெரிது. பிராட்பாக் மண்ணில் ஆண்டுக்கு ஹெக்டேருக்குச் சுமார் 37 கிலோ, கீஸ்கிராஃப்ட்டில் சுமார் 15 கிலோ. இவை மண்ணின் கணக்கு மட்டுமே. மரங்களில் சேர்ந்த கரிமம் இரண்டு இடங்களிலும் மண்ணில் சேர்ந்ததைவிடப் பல மடங்கு அதிகம். உரமூட்டை ஒன்றுகூடப் போடாமல், மழையோடு இறங்கியதும் வேர்முடிச்சில் பிடித்ததும் மட்டுமே இத்தனை தழைச்சத்தைச் சேர்த்திருக்கின்றன.

ஒரே ஊர், ஒரே மழை, ஏறத்தாழ ஒரே மண். பின் ஏன் இந்த வேறுபாடு? விடை, வேலி போடுவதற்கு முன்பிருந்த உழவர்களின் கையில் இருக்கிறது. பிராட்பாக்கில் முற்காலத்து விவசாயிகள் அடியில் கிடைக்கும் சுண்ணக்கல்லைத் தோண்டி எடுத்து வயலெங்கும் தாராளமாகப் பரப்பியிருந்தார்கள். அந்தச் சுண்ணாம்பு இன்றுவரை தீரவில்லை. மண் காரத்தன்மையை இழக்கவில்லை. கீஸ்கிராஃப்ட்டுக்கு அந்த அளவு சுண்ணாம்பு கிடைத்திருக்கவில்லை. வேலியிட்ட காலத்தில் அதன் கார அமில எண் 7-க்குச் சற்று மேலே, நடுநிலையில் இருந்தது. நூற்றாண்டு முடிவதற்குள் 4.5-க்கும் கீழே இறங்கிவிட்டது. மழை சுண்ணத்தைக் கழுவிக்கொண்டு போனது. தொழிற்சாலைப் புகையால் அமிலமாகிப்போன மழையும் மர இலைகள் பிடித்துத் தந்த தூசும் அதைத் துரிதப்படுத்தின. மண் அமிலமானால் பயறினச் செடிகள் தங்குவதில்லை; புழுக்கள் குறைகின்றன; அலுமினியம் கரைந்து வேர்களை வதைக்கிறது. ஒன்றில் மண் வளத்தை நோக்கித் தேறியது. மற்றொன்றில் கரிமம் சேர்ந்தபடியே மண் புளித்தது. ‘நிலத்தை இயற்கையிடம் விட்டால் எல்லாம் நலமாகும்’ என்று சொல்பவர்கள் இந்த இரண்டாவது நிலத்தையும் பார்க்க வேண்டும்.

கரிமம் சேரும் வேகம் தட்பவெப்பத்தையும் மண்ணையும் பொறுத்து மிகவும் மாறுகிறது. அமெரிக்காவில் வறண்ட கொலராடோ மாநிலத்தின் குறும்புல் சமவெளியில், 1930-களின் பெரும் புழுதிக் காற்றுக் காலத்தில் கைவிடப்பட்ட வயல்களை ஏறக்குறைய 50 ஆண்டுகள் கழித்து ஆய்ந்தார்கள். பயிருக்கு உடனே உணவாகும் புது மட்கு பழைய அளவை எட்டியிருந்தது. களியோடு ஒட்டி நூற்றாண்டுக் கணக்கில் தங்கும் முது மட்கு இன்னும் வெகுதூரம் பின்தங்கியிருந்தது. இந்த வேறுபாடு முக்கியமானது. மண்ணின் கரிமத்தைக் கையிருப்புப் பணம், நீண்டகால வைப்பு என்று இரண்டாகப் பிரித்துப் பார்க்கலாம். கையிருப்பு விரைவில் புரளும், விரைவில் நிறையும். வைப்பு தலைமுறைகளில்தான் நிறையும்.

மினசோட்டா மாநிலத்தின் சீடர் கிரீக் ஆய்வு நிலையத்தில் மணற்பாங்கான நிலம். அங்கே வெவ்வேறு ஆண்டுகளில் கைவிடப்பட்ட வயல்களை ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகப் பார்த்து வருகிறார்கள். மணலில் தழைச்சத்து மிகமிக மெதுவாகச் சேர்ந்தது; எந்தப் புல் எப்போது வரும் என்பதை அந்த வேகமே தீர்மானித்தது. கைவிட்டு 91 ஆண்டுகள் ஆன பிறகும், பக்கத்தில் உழவே காணாத நிலத்தோடு ஒப்பிட்டால் செடியினங்கள் நான்கில் மூன்று பங்குதான். ஆண்டு வளர்ச்சி பாதிதான். 2019-ல் வெளியான இந்த முடிவு, இயற்கை தானாக மீண்டுவிடும் என்ற எளிய நம்பிக்கைக்கு விழுந்த வலுவான அடி.

சில தடங்கள் அழிவதே இல்லை. அமெரிக்காவின் வடகிழக்கில் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் நாட்டின் மேற்குப் பகுதிக்கு மக்கள் நகர்ந்தபோது ஏராளமான வயல்கள் கைவிடப்பட்டுக் காடாகின. அந்தக் காடுகளில் இன்று குழி வெட்டினால், மேலிருந்து ஒரு சாண் ஆழத்தில் கத்தியால் கீறியதுபோல நேரான கோடு தெரியும். அது கலப்பை கடைசியாக எட்டிய ஆழம். உழாத காட்டில் மண்ணின் நிறம் அலையலையாக, மெல்லக் கலந்து மாறும். அங்கே நேர்க்கோடு இருக்காது. இதைவிட வியப்பானது வடகிழக்கு பிரான்சின் துயிலி ஓ குரோசேய் என்ற ஊருக்கு அருகிலுள்ள காடு. ரோமானியர் காலத்தில், ஏறக்குறைய கி.பி. 50 முதல் 250 வரை அங்கே பண்ணைகள் இருந்தன. பிறகு விடப்பட்டுக் காடு மூடியது. 2002-ல் வெளியான ஆய்வில், பண்ணைக் கட்டடங்களை நெருங்க நெருங்க மண்ணில் மணிச்சத்தும் தழைச்சத்தும் கூடுதலாக இருப்பதும், சத்து விரும்பும் செடிகள் அங்கே திரண்டிருப்பதும் தெரிந்தது. ரோமானிய உழவர் கொட்டிய எரு, ஏறத்தாழ 1,750 ஆண்டுகளுக்குப் பிறகும் எந்தச் செடி எங்கே முளைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. மணிச்சத்து காற்றில் போவதில்லை, மழையில் எளிதில் கரைவதில்லை; இட்ட இடத்திலேயே தங்கும். இன்று உரமிட்டு வரும் வயல்களும் இந்தச் சுவட்டைத் தாங்கியே கிடக்கப்போகின்றன.

வெப்பமண்டலத்தில் கணக்கு வேறு. வெயிலும் மழையும் மிகுந்த இடத்தில் மரங்கள் விரைந்து வளர்கின்றன. உதிர்ந்த இலை மாதங்களில் மட்கிவிடுகிறது. அமெரிக்கக் கண்டங்களிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் 77 இடங்களில் மீண்டெழும் காடுகளை ஒப்பிட்டு 2021-ல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், மண் வளம் பத்தாண்டுக்குள்ளேயே முதிர்ந்த காட்டின் நிலையை ஏறக்குறைய எட்டிவிட்டது. மரங்களின் உயரமும் பருமனும் மீளப் பல பத்தாண்டுகள் ஆயின. எந்தெந்த இனங்கள் இருந்தனவோ அதே கலவை திரும்ப நூறாண்டுக்கும் மேல் தேவைப்பட்டது. மண் இவ்வளவு சீக்கிரம் மீண்டதற்குக் காரணம், அந்த நிலங்களில் நடந்த விவசாயம் இலேசானது. ஓரிரு போகம் விதைத்து விட்டுவிட்ட இடங்களும் மேய்ச்சல் நிலங்களுமே அதிகம். காடு பக்கத்திலேயே இருந்தது. ஆழ உழுத இயந்திரமும் கொட்டிய உரமும் இல்லை.

மலைச் சரிவைச் சுட்டுத் திருத்தி விதைத்து, வளம் குன்றியதும் விட்டு நகரும் முறை முழுக்க முழுக்க இந்தத் தேறுதலை நம்பியே வாழ்ந்தது. சங்க இலக்கியத்தின் தினைப்புனங்களும் இலங்கையின் சேனைப் பயிரும் வடகிழக்கு இந்தியாவின் ஜூம் சாகுபடியும் அந்த வகையைச் சேர்ந்தவை. ஷில்லாங்கில் பணியாற்றிய சூழலியலாளர் பி.எஸ். ராமகிருஷ்ணன் மேகாலயத்தின் ஜூம் நிலங்களை 30 ஆண்டு, 10 ஆண்டு, 5 ஆண்டுச் சுற்றுகளாகப் பிரித்து ஆராய்ந்தார். நீண்ட இடைவெளி விட்ட நிலத்தில் மூங்கிலும் மரங்களும் வந்து மண்ணைத் தேற்றின. குறிப்பாக, மூங்கில் சாம்பல்சத்தைத் தன் உடலில் சேர்த்து வைத்து, சரிவில் கழுவிப் போகாமல் காத்தது. ஐந்தாண்டிலேயே மீண்டும் சுட்ட நிலத்தில் மூங்கில் வருவதற்கு முன்பே காலம் முடிந்துவிட்டது. களைகளே திரும்பத் திரும்ப வந்தன, விளைச்சலும் சரிந்தது. ஜூம் முறையைக் காட்டை அழிக்கும் பழக்கம் என்று பழிப்பது எளிது. கேடு முறையில் இல்லை. மண்ணுக்குக் கொடுத்த இடைவேளை சுருங்கியதில் இருக்கிறது. நாகாலாந்தின் கோனோமா கிராம மக்கள் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். நிலத்தில் ஆல்டர் மரங்களை வேரோடு அகற்றாமல், தலையை மட்டும் வெட்டி விட்டுவைக்கிறார்கள். அந்த மரத்தின் வேர்முடிச்சு காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடிக்கும். குறைந்த காலத்திலேயே மண் அடுத்த போகத்துக்குத் தயாராகிறது.

எல்லா இடத்திலும் மண் தேறுவதில்லை. மேல்மண்ணே அடித்துக்கொண்டு போயிருந்தால் தேறுவதற்கு ஏதும் மிஞ்சுவதில்லை. பாறையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் மண் உருவாகவே நூறு ஆண்டும் அதற்கு மேலும் ஆகலாம். உப்புப் பூத்த நிலத்தில் உப்பைக் கழுவ நீரும், நீர் வெளியேற வடிகாலும் இல்லாவிட்டால் கைவிடுவதால் மட்டும் பயன் இல்லை. ஸ்பெயினின் மலைச்சரிவுகளில் தலைமுறை தலைமுறையாகக் கல்லடுக்கிக் கட்டிய படிவயல்கள், பராமரிக்க ஆளில்லாமல் விடப்பட்டதும் ஒரு கல் சரிந்த இடத்தில் நீர் புகுந்து, ஓடையாக அறுத்து, அடுத்தடுத்த படிகளையும் இழுத்துக்கொண்டு போவதுண்டு. உழவு நடந்தவரை கரையும் படியும் மண்ணைப் பிடித்து வைத்திருந்தன. உழவர் போனதும் பிடிப்பும் போனது.

நெல்வயலுக்கு இன்னொரு சிக்கல். நீர் நிற்பதற்காகவே சேற்றுழவு செய்து அடியில் இறுகிய தட்டு ஒன்றை உழவர்கள் ஆண்டுக்கணக்கில் உருவாக்கி வைத்திருக்கிறார்கள். அது உழவு நின்றதும் கரைந்துவிடுவதில்லை. மழைக்காலத்தில் நீர் தேங்கிக் கோரை மண்டும்; கோடையில் வெடித்துப் பாளம் பாளமாகும். ஆழ வேர் விடும் செடிகளும் கறையானும் அந்தத் தட்டைத் துளைத்து முடிக்க வெகுகாலம் ஆகும்.

தென் தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களில் கைவிட்ட புன்செயின் கதை பெரும்பாலும் சீமைக் கருவேலத்தோடு முடிகிறது. இந்தியாவில் 1877-ல் கடப்பைப் பகுதியில் முதலில் நட்ட இந்த அமெரிக்க மரம், விறகுக்காகப் பரப்பப்பட்டு, ஆடு மாடுகள் தின்ற நெற்று வழியாகத் தரிசெங்கும் புகுந்தது. மண்ணின் கணக்கை மட்டும் பார்த்தால் அது கெட்ட மரம் இல்லை. பயறுக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் நிழலில் மட்கும் தழைச்சத்தும் கூடுகின்றன. களர் நிலத்தையும் ஓரளவு தணிக்கிறது. ஆனால் அதன் அடர்ந்த புதருக்குள் வேறு எதுவும் எழ முடிவதில்லை. இலந்தையும் விடத்தேரையும் வெள்வேலும் வேம்பும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிறைய வேண்டிய இடத்தில் ஒரே மரம் நின்றுவிடுகிறது. மண் தேறியும் நிலம் தேறாமல் கிடக்கும் நிலை இது. இரண்டையும் ஒன்றாக எண்ணுவது பெரிய பிழை. மண் பரிசோதனைச் சீட்டில் நல்ல எண்கள் வந்துவிட்டதால் மட்டும் நிலம் பிழைத்துவிட்டதாகக் கொள்ள முடியாது.

அண்மை வரலாற்றில் ஒரே வீச்சில் மிகப் பெரிய பரப்பு கைவிடப்பட்டது 1991-ல் சோவியத் ஒன்றியம் சிதைந்த பிறகு. கூட்டுப் பண்ணைகள் குலைந்தன. ரஷ்யாவில் மட்டும் ஏறத்தாழ 4.5 கோடி ஹெக்டேர் உழுநிலம் விடப்பட்டது. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பைப் போல மூன்று மடங்குக்கும் மேல் அது. முதல் இருபது ஆண்டுகளில் அந்த மேல்மண் ஆண்டுக்கு ஹெக்டேருக்கு ஏறத்தாழ ஒரு டன் கரிமத்தை உள்ளிழுத்ததாக அந்நாட்டு மண்ணியலாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். எந்த அரசும் திட்டமிடாமல், வறுமையும் குழப்பமும் சேர்ந்து நிகழ்த்திய கரிமச் சேமிப்பு அது. அந்த நிலத்தில் ஒரு பகுதி மீண்டும் உழவுக்கு வந்திருக்கிறது. அங்கே சேமிப்பு, சேர்ந்ததைவிட வேகமாகக் கரையும். உருண்டைகளுக்குள் பல ஆண்டு ஒளிந்த மட்கைச் சில உழவுகளே வெளியே எடுத்துவிடும்.

நிலத்தைத் தரிசாக விட்டுப்போக நேர்கிறவர்கள் பலர். ஆள் கிடைக்கவில்லை, தண்ணீர் இல்லை, பிள்ளைகள் ஊரில் இல்லை என்று காரணங்களும் பல. விட்டுப்போவதற்கு முன் இரண்டு வேலைகளைச் செய்தால் மண் பல ஆண்டுகள் முந்தித் தேறும். உடைந்த வரப்பை அடைத்து, மழைநீர் மேல்மண்ணை இழுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கடைசி உழவோடு மண்ணை வெறுமையாக விடாமல் கொளுஞ்சியோ சணப்போ விதைத்து, அதை அறுக்காமல் விட்டுவிட வேண்டும். பிறகு தீ வைக்காமல் இருந்தால் போதும்.